சர்ஜரி தேதி தள்ளிப்போச்சு, எடையும் ஏறிடுச்சு, டாக்டர்கிட்ட இதை சொல்லணுமா?

மெல்லமெல்ல:

வணக்கம். இவ்ளோ நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்கு எழுதியே ஆகணும்னு ஆயிடுச்சு. எடை குறைக்கறதுக்காக இரைப்பைய சின்னதாக்கற ஸ்லீவ் சர்ஜரிக்கு தேதி குடுத்திருந்தாங்க, ஆபிஸ்ல லீவு சொல்லியாச்சு, லிக்விட் டயட்டுக்கு புரோட்டீன் பவுடர் எல்லாம் வாங்கி வச்சாச்சு. கடைசியா எடுத்த ரத்த டெஸ்ட்ல எச்பிஏ1சி, அதான் சராசரி சுகர் அளவு, 9.1. எண்டோஸ்கோபில இரைப்பைல ஹெச் பைலோரி கிருமி இருக்கு, கூடவே உணவுக்குழாய் கீழ்ப்பக்கம் ஆசிட் பட்டு புண்ணாயிருக்குன்னு ரிப்போர்ட். சர்ஜன் பாத்துட்டு இப்போதைக்கு வேணாம், சுகர் 8க்கு கீழ வரட்டும், கிருமிக்கு மருந்து சாப்பிடுங்க, அப்புறம் ஸ்லீவா, இல்ல இரைப்பைய குடலோட சேக்கற பைபாஸான்னு திரும்ப பேசுவோம்னு சொல்லிட்டார். பேச்சு அவ்ளோதான், அடுத்த பேஷண்ட்ட கூப்பிட்டுட்டாங்க.

வீட்டுக்கு வந்து அன்னிக்கு ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் பிரிட்ஜ் கதவ தொறந்து வச்சிட்டு நின்னுகிட்டே சாப்பிட்டேன். பசின்னு சொல்ல மாட்டேன், பசியே இல்ல. மறுநாளும் அதே. போன தடவை டயட்டீஷியன் எழுதின எடைய விட இப்ப ரெண்டரை கிலோ அதிகம். அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல இதை உள்ளபடி சொன்னா லிஸ்ட்லேர்ந்தே தூக்கிடுவாங்களா? வீட்ல வேற "பாத்தியா, இது நடக்கக்கூடாதுன்னுதான் தடங்கல் வருது"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க.

ரெண்டாம்இன்னிங்ஸ்:

வாங்க மெல்லமெல்ல. மொதல்ல ஒண்ணு, தேதி தள்ளிப்போறதும் உங்கள வேணாம்னு சொல்றதும் ஒண்ணு இல்ல. எனக்கு பைபாஸ் முடிஞ்சு நாலு வருஷம் ஆகுது, எனக்கும் ஒருவாட்டி தள்ளிப்போச்சு, எங்க குரூப்ல இருந்த பாதி பேருக்கு ஏதோ ஒரு காரணத்துக்காக தள்ளிப்போயிருக்கு.

உங்க ரிப்போர்ட்ல அந்த ஆசிட் புண்ணு விஷயத்த பாத்தா சர்ஜன் யோசிக்கறது சரின்னுதான் தோணுது. ஸ்லீவ்ல இரைப்பைல முக்கால் பாகத்துக்கு மேல வெட்டி எடுத்துட்டு ஒடுக்கமான குழாய் மாதிரி விட்டுடுவாங்க, உள்ள அழுத்தம் கூடும், அதனால ஏற்கனவே நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு அது இன்னும் மோசமாகலாம். ஸ்லீவ் பண்ணிட்டு நெஞ்செரிச்சல் தாங்காம திரும்ப ஆபரேஷன் பண்ணி பைபாஸா மாத்திக்கிட்டவங்க நிறைய பேர். பைபாஸ்ல மேல சுமார் 30 மில்லி கொள்ளளவுக்கு ஒரு சின்ன பை மட்டும் விட்டு அதை சிறுகுடலோட சேத்துடறதால ஆசிட் மேல ஏறறது பெரும்பாலும் அடங்கிடும். ஆக அந்த எண்டோஸ்கோபி உங்களுக்கு ரெண்டாவது ஆபரேஷன் ஒண்ணை மிச்சம் பண்ணியிருக்குன்னு வச்சுக்கோங்க. ஹெச் பைலோரியும் அப்படித்தான், பைபாஸுக்கப்புறம் அந்த பழைய இரைப்பை உள்ளயே மூடி கிடக்கும், சாதாரண எண்டோஸ்கோபி அங்க எட்டாது, அதனால முன்னாடியே சரி பண்ணிக்கறது நல்லது.

இன்னொண்ணு, எச்பிஏ1சி கடந்த ரெண்டு மூணு மாச சராசரிய காட்டுற டெஸ்ட். அடுத்த வாரமே போய் எடுத்து குறையலயேன்னு உக்காந்து அழாதீங்க. வீட்ல குத்தி பாக்கற சுகர்தான் சீக்கிரம் மாற்றத்த காட்டும், அதை நோட்டுல எழுதிட்டு போங்க.

கண்டிப்புகாரன்:

எல்லாரும் தடவி குடுக்கறீங்க, நான் உள்ளத சொல்றேன். ஆபரேஷனுக்கு முன்னாடியே வாய கட்ட முடியலன்னா அதுக்கப்புறம் எப்படி கட்டுவீங்க? சர்ஜரி வயித்துக்குத்தான், மண்டைக்கு இல்ல. எடை குறைச்சு காட்டினாதான் ஆபரேஷன்னு ரூல் வைக்கறது தப்பே இல்ல. எனக்கு வச்சாங்க, நான் குறைச்சேன்.

வார்டுசிஸ்டர்:

கண்டிப்புகாரன் சார், நீங்க குறைச்சீங்க, சந்தோஷம். ஆனா எடை குறைச்சு காட்டினாதான் சர்ஜரின்னு இன்ஷூரன்ஸ்காரங்க கட்டாயப்படுத்தறதுக்கு அறிவியல் ஆதாரம் இல்லன்னு எடை குறைப்பு ஆபரேஷன் பண்ற அமெரிக்க பேரியாட்ரிக் சர்ஜன்கள் சங்கமே 2016ல அறிக்கை விட்டிருக்கு. எடைய குறைச்சு கடைசிவரைக்கும் தானா வச்சிக்க முடிஞ்சவருக்கு இந்த ஆபரேஷனே எதுக்கு?

நான் ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பாக்கற நர்ஸ், அதனால ஒரு விஷயத்த பிரிச்சு சொல்றேன், இங்க ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பறாங்க. சர்ஜரிக்கு பல மாசம் முன்னாடி "இத்தனை கிலோ குறைச்சிட்டு வா"ன்னு சொல்றது ஒண்ணு. கடைசி ரெண்டு வாரம் லிக்விட் டயட் குடுக்கறது வேற. ரெண்டாவது உங்க மன உறுதிய பாக்க இல்ல, ஈரலுக்காக. வயித்துல சின்ன துளை போட்டு கேமரா உள்ள போனதும் முன்னாடி நிக்கறதே ஈரல்தான், அதோட இடது மடல் இரைப்பை மேல போர்த்தின மாதிரி படுத்திருக்கும். அதை ஒரு கம்பி மாதிரி ரிட்ராக்டரால தூக்கி பிடிச்சாதான் சர்ஜனுக்கு கீழ இடம் தெரியும். டயட் ஒழுங்கா இருந்தவங்களுக்கு அது ஓரம் மெல்லிசா, தூக்கினா தூக்கின இடத்துல நிக்கும். கொழுப்பேறின ஈரல் மஞ்சள் பாஞ்சு ஓரமெல்லாம் மொத்தையா இருக்கும், கனமா வழுக்கிட்டு வரும், கொஞ்சம் அழுத்தினா கீறி ரத்தம் கசியும். மாவுச்சத்த குறைச்சு ஒரு நாளைக்கு 800லேர்ந்து 1000 கலோரி வரைக்கும் இருந்தா ஈரல்ல சேந்திருக்கற கிளைக்கோஜனும் (சேமிச்சு வச்ச சர்க்கரை) அதோட ஒட்டிட்டிருக்கற தண்ணியும் வடிஞ்சு, கொழுப்பும் கொஞ்சம் கரைஞ்சு ரெண்டு வாரத்துலயே சுருங்கிடும்.

மெல்லமெல்ல, நீங்க இன்னும் அந்த கட்டத்துக்கே வரல. அதனால ராத்திரி சாப்பிட்டது ஆபரேஷன ஒண்ணும் பண்ணிடல. ஆனா கண்டிப்பா சொல்லுங்க. பசியே இல்லாம ராத்திரி நின்னுகிட்டே சாப்பிட்டேன்னு சொன்னீங்க பாருங்க, டயட்டீஷியனுக்கும் மனநல ஆலோசகருக்கும் வேண்டிய தகவலே அதுதான். இது ஒரு மோசமான செய்தியால வந்ததா, இல்ல அடிக்கடி நடக்கறதான்னு அவங்க பாக்கணும். அடிக்கடின்னா அதுக்கு தனி சிகிச்சை இருக்கு, முன்னாடியே ஆரம்பிச்சா நல்லது. மறைச்சிட்டு தியேட்டருக்கு வந்தவங்க அதையும் கூடவேதான் வெளிய கொண்டு போறாங்க.

கண்டிப்புகாரன்:

சரி, 2016 அறிக்கை எனக்கு தெரியாது. ஆனா சர்ஜரிக்கப்புறம் ஒழுங்கு வேணுங்கறதுல நான் மாறல.

தூக்கம்கெட்டவன்:

என் தடங்கல் வேற ரகம். அனஸ்தீசியா டாக்டர் குறட்டை விடுவீங்களா, பகல்ல தூங்கி வழியறீங்களா, பிரஷர் இருக்கா, கழுத்து சுத்தளவு எவ்ளோன்னு வரிசையா கேட்டுட்டு தூக்க டெஸ்டுக்கு அனுப்பிட்டார். ரிசல்ட்ல ஸ்லீப் ஏப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது, அதுவும் தீவிரமா. மாஸ்க் வழியா காத்த அழுத்தி குடுக்கற சிபேப் மெஷின் மாட்டி சில வாரம் தூங்கிட்டு வாங்கன்னு தேதிய தள்ளிட்டாங்க. எனக்கு பத்திகிட்டு வந்துச்சு, குறட்டைக்காக ஒருத்தன் ஆபரேஷன நிறுத்துவானா!

முதல் வாரம் அந்த மாஸ்க்க தூக்கி எறிஞ்சிட்டேன், காத்து கண்ணுல அடிக்குது, வாய் காயுது, காலைல கன்னத்துல பட்டை தழும்பு, பையன் பாத்து சிரிக்கறான். அப்புறம் போய் சொன்னேன், மாஸ்க் சைஸ மாத்தி குடுத்து ஈரப்பதம் வர்ற பாத்திரத்த சேத்தாங்க, பகல்ல டிவி பாக்கும்போது மாட்டி பழகச் சொன்னாங்க. பிடிபட்டப்புறம் காலைல தலவலியே இல்ல. மயக்க மருந்து, வலி மருந்து ரெண்டுமே மூச்சுக்குழாய தளர்த்தும், ஏப்னியா இருக்குன்னு தெரியாம ஆபரேஷனுக்கப்புறம் ஒருத்தர படுக்க வச்சா என்ன ஆகும்னு அனஸ்தீசியா டாக்டர் விளக்கினப்புறம் கோவமும் போயிடுச்சு. நல்லா தூங்கினா கண்டத திங்கற ஆசையும் குறையுது, இதை யாரும் முன்னாடி சொல்லல.

சந்தேகசாமி:

ஊடால வர்றதுக்கு மன்னிக்கணும். இப்பதான் வாரம் ஒருதடவை போடற ஊசி எல்லாம் வந்தாச்சே, இவ்ளோ தடங்கல தாண்டி வயித்த அறுத்துக்கணுமா?

ரெண்டாம்இன்னிங்ஸ்:

கேக்கவேண்டிய கேள்விதான். அந்த ஊசில ஒண்ணான செமாக்ளூடைட் பெரிய டோஸ்ல 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எடை குறைஞ்சதா ஆய்வு இருக்கு, அது சின்ன விஷயம் இல்ல. ஆனா நிறுத்தின ஒரு வருஷத்துல குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பிடுச்சுன்னும் அதே ஆய்வோட தொடர்ச்சில வந்துச்சு, அப்போ கிட்டத்தட்ட ஆயுசுக்கும் போடணும்னு ஆகுது. ஸ்வீடன்ல உடல் பருமன் உள்ளவங்கள வச்சு 1987ல ஆரம்பிச்ச எஸ்ஓஎஸ் ஆய்வுல பைபாஸ் பண்ணிக்கிட்டவங்களுக்கு முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள 32 சதவீதம் வரைக்கும் குறைஞ்சு, பத்து வருஷத்துல 25 சதவீதத்துல நின்னுச்சு. கவனிங்க, சர்ஜரிலயும் கொஞ்சம் திரும்பி ஏறத்தான் செய்யுது, எனக்கும் மூணாவது வருஷம் ஏறுச்சு. யாருக்கு எதுன்னு டாக்டர்தான் சொல்லணும், சிலருக்கு சர்ஜரிக்கு முன்னாடி சுகர இறக்கறதுக்கே இந்த ஊசிய குடுக்கறாங்க. ஊசி போட்டுக்கறவங்க அனஸ்தீசியா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க, இரைப்பை காலியாக நேரம் எடுக்கும், மயக்கத்துல வாந்தி நுரையீரலுக்குள்ள போற ஆபத்து இருக்கு.

பாதிவழி:

எனக்கு தலைகீழ் பயம். டயட்ல நல்லா குறைஞ்சிட்டே வருது, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடை கணக்கு) 35க்கு கீழ போயிட்டா தகுதி இல்லன்னு சொல்லிடுவாங்களா? அதுக்காக கொஞ்சம் கூடவே சாப்பிடலாமான்னு கூட யோசிச்சேன், சிரிக்காதீங்க.

வார்டுசிஸ்டர்:

சிரிக்கல, நிறைய பேர் கேக்கறதுதான். ஆனா கூட மட்டும் சாப்பிட்டுடாதீங்க. 1991ல அமெரிக்காவுல வந்த பழைய விதிதான் பிஎம்ஐ 40, இல்லன்னா 35ம் கூட ஒரு நோயும்னு வச்சிருந்தது. 2022ல புதுசா வந்த சர்வதேச வழிகாட்டுதல்ல 35க்கு மேல இருந்தா வேற நோய் இல்லன்னாலும் பரிந்துரைக்கலாம், சுகர் மாதிரி இருந்தா 30லேர்ந்தே யோசிக்கலாம், ஆசியர்களுக்கு 27.5லேர்ந்தேன்னு மாத்திட்டாங்க. பல இடத்துல நீங்க முதல் தடவை வந்தப்ப இருந்த எடையத்தான் கணக்குல எடுப்பாங்க, இன்ஷூரன்ஸ் எப்படி பாக்குதுன்னு மட்டும் இப்பவே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க.

கடைசிவாரம்:

அக்கா ஒரு அவசர சந்தேகம். லிக்விட் டயட் ஆரம்பிச்சு முதல் ரெண்டு நாள் தலவலி, எரிச்சல், யார பாத்தாலும் கத்தணும்னு தோணுது. நேத்து சாயங்காலம் முடியாம வீட்ல செஞ்சத ஒரு தட்டு சாப்பிட்டுட்டேன். எல்லாம் போச்சா? நாளைக்கு பட்டினி கிடந்து ஈடு கட்டவா? சுகர் மாத்திரையும் போட்டுட்டிருக்கேன்.

வார்டுசிஸ்டர்:

ஒண்ணும் போகல, பட்டினி மட்டும் வேணவே வேணாம். ஒருவேளை சாப்பாட்டுல ஈரல் திரும்ப வீங்கிடாது, அடுத்த வேளைலேர்ந்து பழையபடி தொடருங்க. தினமும் நழுவுதுன்னா அது வேற, அப்ப போன் பண்ணி சொன்னா ஒரு வாரம் கூட்டி குடுப்பாங்க, இல்லன்னா ஒருவேளைக்கு மட்டும் திட உணவு வச்சு வேற பிளான் தருவாங்க. தலவலிக்கு பாதி காரணம் காபி டீய படக்குனு நிறுத்தினதா இருக்கும், மீதி தண்ணியும் உப்பும் குறைஞ்சது. தண்ணி போதுமான அளவு குடிங்க, சர்க்கரை இல்லாத தெளிவான சூப் எடுத்துக்கலாமான்னு உங்க டயட்டீஷியன்கிட்ட கேளுங்க.

ஆனா நீங்க கடைசில போறபோக்குல சொன்ன சுகர் மாத்திரைதான் எனக்கு தூக்கிவாரி போடுது. இவ்ளோ கம்மியா சாப்பிடும்போது பழைய டோஸ்லயே இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ போட்டா சுகர் சடார்னு இறங்கும். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி சிறுநீர் வழியா சர்க்கரைய வெளியேத்தற மாத்திரைன்னா அது இன்னும் சூட்சுமம், மீட்டர்ல சுகர் ஓரளவுக்கு நார்மலா காட்டும்போதே உடம்புல கீட்டோன்ங்கற அமிலம் ஏறி ஆபத்தாகலாம், ஆபரேஷனுக்கு குறைஞ்சது மூணு நாள் முன்னாடியே அதை நிறுத்த சொல்வாங்க. வாந்தி, வயித்துவலி, மூச்சு வாங்கறது இருந்தா நேரா எமர்ஜென்சி. உங்களா எதையும் நிறுத்தாதீங்க, இத படிச்ச கையோட சுகர் டாக்டருக்கு போன் போடுங்க.

கடைசிவாரம்:

போட்டுட்டேன். ஒரு மாத்திரைய இன்னிக்கே நிறுத்த சொல்லிட்டார், இன்னொண்ண பாதியாக்கிட்டார். டயட் ஆரம்பிக்கும்போதே ஏன் சொல்லலன்னு கேட்டார். டயட் சீட்டு குடுத்த இடத்துல யாரும் இதை சொல்லலையே.

தூக்கம்கெட்டவன்:

அதான். ஒவ்வொரு டாக்டரும் இன்னொருத்தர் சொல்லியிருப்பார்னு நினைச்சுக்கறாங்க. நான் மாத்திரை லிஸ்ட்ட ஒரே பேப்பர்ல எழுதி போற எடத்துக்கெல்லாம் நீட்டிடுவேன், பாக்கலன்னாலும் மேஜை மேல வச்சிட்டு வருவேன். பாதிவழி, நீங்க சிகரெட் பழக்கம் இருக்குன்னு வேற ஒரு எடத்துல எழுதியிருந்த ஞாபகம், அதை இப்பவே விட்டுடுங்க, ஆறு வாரமாவது முன்னாடி நிறுத்தணும்னு சொல்வாங்க. பைபாஸ்ல தையல் போட்ட இடத்துல அல்சர் வர்றதுக்கு அது பெரிய காரணம். சில எடத்துல உடம்புல நிக்கோடின் போயிருக்கான்னு காட்டற கோட்டினின் டெஸ்ட் எடுத்து பாப்பாங்க, நிக்கோடின் பேட்ச் ஒட்டியிருந்தாலும் அதுல பாசிட்டிவ் காட்டும், முன்கூட்டியே சொல்லி வச்சுக்கோங்க.

மெல்லமெல்ல:

போயிட்டு வந்தேன். எடை மெஷின்ல ஏறும்போதே சொல்லிட்டேன், கூடியிருக்கும் மேடம், ராத்திரி சாப்பிட்டேன்னு. அவங்க திட்டுவாங்கன்னு எதிர்பாத்தா, எத்தனை மணிக்கு, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டாங்க. யோசிச்சா அன்னிக்கு மத்தியானம் சாப்பிடவே இல்ல, ஆஸ்பத்திரி வரிசைல உக்காந்திருந்தேன். பகல்ல வேளை தவறாம புரோட்டீனோட சாப்பிடணும், ராத்திரி சமையலறைக்கு போகத் தோணினா மொதல்ல வந்து ஒரு நோட்டுல நேரத்தையும் அப்ப மனசுல ஓடறதையும் எழுதணும், எழுதினப்புறமும் வேணும்னா தட்டுல போட்டு உக்காந்து சாப்பிடலாம்னு சொன்னாங்க. சாப்பிடாதீங்கன்னு சொல்லவே இல்ல, அதுவே ஒரு மாதிரி ஆயிடுச்சு எனக்கு. மனநல ஆலோசகர்கிட்டயும் அனுப்பியிருக்காங்க. ஃபெயில் பண்ணிடுவாரோன்னு பயந்துட்டே போனா அவர் என் சின்ன வயசுலேர்ந்து பண்ண டயட் கதையத்தான் கேட்டார், லிஸ்ட்லேர்ந்து தூக்கறத பத்தி பேச்சே வரல.

சர்ஜன் பைபாஸ்னு முடிவு பண்ணிட்டார். கிருமிக்கு 14 நாள் மாத்திரை. வீட்ல இன்னும் தடங்கல் பேச்சு ஓயல, அடுத்த தடவை கூட வாங்க, உங்க கேள்விய நேரா அவர்கிட்டயே கேளுங்கன்னு சொல்லிட்டேன், வர்றதா ஒத்துக்கிட்டாங்க.

ரெண்டாம்இன்னிங்ஸ்:

நல்ல வேலை பண்ணீங்க. வீட்டு ஆளுங்க வரும்போது ஆபரேஷனுக்கப்புறம் ஆயுசு முழுக்க விட்டமின் மாத்திரை, பி12, இரும்பு, கால்சியம், வருஷா வருஷம் ரத்த டெஸ்ட் உண்டுங்கறத டாக்டர் வாயாலயே கேக்கட்டும், பின்னாடி "இன்னும் எதுக்கு மாத்திரை"ன்னு ஆரம்பிக்க மாட்டாங்க. முடி கொட்டறதையும் சொல்லி வைங்க, மூணாவது மாசத்துக்கு மேல கொத்தா வரும், பெரும்பாலும் சில மாசத்துல திரும்ப முளைச்சுடும், என் வீட்ல அதுக்குத்தான் அழுதாங்க.

கடைசிவாரம்:

எனக்கு சர்ஜரி முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு! ஈரல் நல்லா சுருங்கியிருந்துச்சுன்னு சர்ஜன் சொன்னார், அந்த ஒரு தட்ட அவர்கிட்ட சொன்னேன், சிரிச்சிட்டார். ஆனா இப்ப மூணாவது வாரம், எடை அப்படியே நிக்குது, ஒரு நாள் 300 கிராம் ஏறக்கூட செஞ்சுது. நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிட்டிருக்கறவனுக்கு எப்படி ஏறும்?

ரெண்டாம்இன்னிங்ஸ்:

மூணாவது வாரம் நிக்கறது அவ்ளோ சகஜம், எங்க குரூப்ல அதுக்கு தனி பேரே உண்டு. ஆரம்பத்துல வேகமா குறைஞ்சதுல பெரும்பகுதி தண்ணி, இப்ப உடம்பு கொஞ்சம் தண்ணிய திரும்ப பிடிச்சு வைக்குது, கொழுப்பு அடியில கரைஞ்சிட்டுதான் இருக்கு. தினமும் மெஷின்ல ஏறாம வாரம் ஒருதடவை பாருங்க, இடுப்பு அளவ எழுதி வைங்க. புரோட்டீன் 60 கிராமாவது போகுதா, ஒன்றரை லிட்டர் குடிக்க முடியுதா?

கடைசிவாரம்:

புரோட்டீன் ஆகுது. தண்ணி ஒரு லிட்டர தாண்டறதே கஷ்டமா இருக்கு, ரெண்டு வாய் குடிச்சாலே நெஞ்சுல நிக்கற மாதிரி.

வார்டுசிஸ்டர்:

சிறுநீர் கெட்டியா மஞ்சளா போகுதா, எழுந்து நின்னா தலை சுத்துதா? ஆமான்னா இன்னிக்கே சர்ஜன் ஆபிஸுக்கு பேசுங்க, டிரிப்ஸ் ஒண்ணு ஏத்தினா சரியாகற விஷயத்துக்கு வீட்ல கிடந்து கஷ்டப்பட வேணாம். அடிக்கடி வாந்தியும் இருந்தா தயாமின் (விட்டமின் பி1) குறையுதான்னு பாப்பாங்க, அதை தள்ளிப்போடக்கூடாது. காய்ச்சலோ, தோள்பட்டை வலியோ, சும்மா உக்காந்திருக்கும்போதே நாடி 120க்கு மேல அடிக்கறதோ இருந்தா போன் எல்லாம் வேணாம், நேரா கிளம்புங்க. இதெல்லாம் இல்லன்னா போன்ல பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை அலாரம் வச்சு ஒவ்வொரு வாயா குடிங்க, ரொம்ப சில்லுனு இல்லாம.

மெல்லமெல்ல, மாத்திரை கோர்ஸ் முடிஞ்சதும் கிருமி போயிடுச்சான்னு உடனே டெஸ்ட் பண்ணிடாதீங்க, குறைஞ்சது நாலு வாரம் விடணும், டெஸ்டுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆசிட் குறைக்கற மாத்திரையும் நிறுத்தணும், இல்லன்னா கிருமி இருந்தும் இல்லன்னு காட்டும். நெஞ்செரிச்சல் உள்ளவர் நீங்க, அந்த ரெண்டு வாரத்துக்கு பதிலா என்ன எடுக்கலாம்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க.

மெல்லமெல்ல:

கேட்டு வச்சுக்கறேன் சிஸ்டர். மாத்திரை இன்னும் அஞ்சு நாளைக்கு இருக்கு, வாயெல்லாம் இரும்பு கசப்பு.